தாழி உடைந்த நாள்

பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும், அதில் கிடக்கிற பழம் இன்னும் எத்தனை நாள் வெயில் கேட்கும் என்று ஃபுவென்சாந்தா சொல்லிவிடுவாள். மேஸ்திரி டமாசோ முப்பது வருஷமாக அந்தத் திராட்சை மது ஆலையில் இருக்கிறவர். அவரே காலையில் களத்துக்கு வந்ததும் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். மொந்தீயா மலைச்சரிவில், சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மண்ணில், ஆகஸ்ட் கடைசியில் புல்பாய்களை விரித்தால் செப்டம்பர் நடு வரைக்கும் இருபத்திரண்டு பெண்கள் அவள் சொல்லுக்கு நடப்பார்கள்.

காய்வது வெள்ளைத் திராட்சை. பெத்ரோ ஹிமேனெஸ் என்று ஓர் ஆளின் பேர்தான் அதற்குப் பேர். ஏதோ ஒரு காலத்தில் ஒரு சிப்பாய் ஜெர்மன்காரன் நாட்டு ஆற்றங்கரையிலிருந்து குச்சியாக ஒடித்து முதுகுப்பையில் கொண்டுவந்தான், அவன் பேர் நின்றுவிட்டது என்பார்கள். உண்மையோ பொய்யோ, ஊர்க்காரர்கள் அதைப் பழம் என்று சொல்ல மாட்டார்கள். "பெத்ரோ இன்னும் வேகல", "பெத்ரோவைப் புரட்டிப் போடு" என்று வீட்டு ஆளைச் சொல்வது போலத்தான் சொல்வார்கள். கொடியிலிருந்து வரும்போது பச்சையும் பொன்னுமாக இருக்கும். ஐந்தாம் நாள் தோல் சுருங்கும். எட்டாம் நாள் கறுத்து, கையில் எடுத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் செக்கில் கொடுத்துப் பிழிந்தால் தேன் போலச் சாறு இறங்கும். அது பொங்க ஆரம்பித்ததும் சாராயம் ஊற்றிப் பொங்குவதை நிறுத்தி இனிப்பை அப்படியே பிடித்து வைப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால். நடுவில் ஒரு மழை பெய்தால் எட்டு நாள் வெயிலும் எட்டு நிமிஷத்தில் பூஞ்சைக்காளானுக்குப் போய்விடும்.

அவள் புருஷன் அசிஸ்க்லோ ஆலையில் செக்கு ஆள். அவள் தம்பி சொலானோவும் அதே ஆலையில்தான். அப்பா உள்நாட்டுச் சண்டைக்குப் போனவர் வரவில்லை. அம்மா போனபோது ஃபுவென்சாந்தாவுக்குப் பதினேழு, தம்பிக்கு ஆறு. அசிஸ்க்லோ பெண் கேட்டு வந்த அன்றே அவள் வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டாள். "என்னைக் கட்டினா இவனையும் சேர்த்துத்தான். தனியா வர மாட்டேன்."

அசிஸ்க்லோ அந்தப் பொடியனை மேலும் கீழும் பார்த்தான். "சாப்பாடு எப்படி? நிறைய தின்பானா?"

"தின்பான்."

"அப்ப எனக்குச் சரியான ஜோடிதான்" என்றான்.

பெரிய உடம்பு அவனுக்கு. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு முனகும், பாதிரியார் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். கோபம் வந்தால்கூட அதைச் சுமந்துகொண்டு நடக்கச் சோம்பல்பட்டுக் கீழே போட்டுவிடுகிற ஆள். குழந்தை தங்கவில்லை அவர்களுக்கு. இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் போய்விட்டது. அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சொலானோதான் இருந்தானே. அவனுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டு, அம்மை வந்தபோது கூடக் கிடந்து, அராசெலி என்கிற பெண்ணைத் திருவிழாவில் பார்த்து மயங்கி வந்தபோது அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி, அடுத்த வசந்தத்தில் கல்யாணம் என்று நாள் வரைக்கும் குறித்தாகிவிட்டது.

அது அறுபத்தொன்றாம் வருஷம். அந்த வியாழக்கிழமை பழத்துக்கு எட்டாம் நாள்.

பெண்கள் நிழலில் உட்கார்ந்து ரொட்டியைத் தக்காளிக் கூழில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். காற்று திரும்பியது. ஃபுவென்சாந்தா வாயில் வைத்த ரொட்டியோடு எழுந்து நின்றாள். தென்மேற்கே கரிய மேகம் ஒன்று மலைக்குப் பின்னாலிருந்து தோளைக் காட்டியது.

"எழுந்திருங்கடி. பாயைச் சுருட்டுங்க."

"அக்கா, அது இங்க வராது. கப்ரா பக்கம் போயிடும்" என்றாள் ஒருத்தி.

"வந்தா உன் பாவாடையால மூடுவியா? எழுந்திரு."

இருபத்திரண்டு பேரும் சரிவில் ஓடினார்கள். முதல் சுமை கூடைகளில் ஏறியது. கோவேறு கழுதைக்காரன் பெர்னாபே வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் அவனிடம் சொன்னாள், "பெர்னாபே, ஆலையில எங்க வீட்டு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. பழம் நாளைக்கு இல்ல, இப்பவே மொத்தமா வருது. சாறு ஊத்தத் தாழி தயாரா இருக்கணும். என் தம்பிகிட்டத் தனியாவே சொல்லு, வாயைப் பொளந்துகிட்டு நிக்காம சட்டுனு இறங்கிக் கழுவட்டும். மழை அவனுக்காகக் காத்துகிட்டு நிக்காது."

தாழிக்குள் இறங்கிக் கழுவுவது எப்போதும் சொலானோவின் வேலை. தாழி இரண்டு ஆள் உயரம், ஆனால் வாய் குறுகல். ஒல்லியாக இருப்பவன்தான் சுலபமாக நுழைவான்.

பெர்னாபே போய் அரைமணியில் வெறுங்கூடையோடு திரும்பினான். சிரித்துக்கொண்டே வந்தான்.

"சொல்லிட்டேம்மா. உன் தம்பி சல்யூட் அடிச்சான். 'ஜெனரலம்மா உத்தரவு, தாழி பளபளன்னு இருக்கும்னு போய்ச் சொல்லு'ங்கறான்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த பாயைச் சுருட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆலைப் பக்கமிருந்து அடிக்கிற சத்தம் வந்தது. மண்ணில் அறைகிற மாதிரி, கனமான சத்தம். வண்டிச் சக்கரத்தை யாரோ சரிசெய்கிறார்கள் என்று நினைத்தாள். அடி நிற்கவில்லை. ஒரு பெண் முடி அவிழ்ந்து மேட்டில் ஓடி வந்தாள். "அக்கா! தாழியில உங்க வீட்டு ஆளு! தாழியில!"

பாதி சுருட்டிய பாய் கையிலேயே இருக்க ஓடினாள். வழியில் எங்கே அதைப் போட்டாள் என்று அவளுக்கு நினைவே இல்லை.

ஆலை வாசலில் சாக்கின்மேல் சொலானோவைக் கிடத்தியிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒருவன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான். அவள் அவன்மேல் விழுந்தாள். முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயில் காதை வைத்தாள். கரகரவென்று மூச்சு இழுத்தது. இருமினான். புளிப்பாக வாந்தி எடுத்தான்.

"இருக்கான். தாயே, மாதாவே, உயிரோட இருக்கான். உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று அவள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒருமுறையல்ல, மூன்று நான்கு முறை சொன்னாள். சுற்றி நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம்தான் அவளுக்கு உள்ளேயிருந்து வருகிற சம்மட்டி அடி காதில் விழுந்தது. அப்புறம்தான் கேட்டாள், "எதை இடிக்கறாங்க? அசிஸ்க்லோ எங்க?"

நடந்தது இதுதான். பக்கத்துத் தாழிகளில் வேறு சாறு மூன்று நாளாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்குகிற சாறு விடுகிற புளிப்புக்காற்றுக்கு நிறம் கிடையாது, கனம் உண்டு. வழிந்து போய்த் தாழ்ந்த இடத்தில் நிறைந்துகொள்ளும். காலித் தாழி அதற்குக் கிணறு மாதிரி. அதனால்தான் யாரும் இறங்குவதற்கு முன்னால் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி விடுவார்கள். அணைந்தால் உள்ளே மூச்சு விட முடியாது, இறங்கக் கூடாது. சொலானோ இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் சரிந்தான். மேலே பலகைமேல் நின்றிருந்த அசிஸ்க்லோ ஒரு சத்தம் போட்டான், மூச்சை நிறைய இழுத்துக்கொண்டான், அந்தப் பெரிய உடம்பைக் குறுகின வாய்க்குள் எப்படியோ திணித்துக்கொண்டு இறங்கினான். தோளில் தோல் உரிந்து தாழி விளிம்பில் ஒட்டியிருந்தது. தம்பியின் அக்குளில் கயிற்றைக் கட்டி, கீழேயிருந்து தூக்கித் தள்ளினான். மேலே இருந்தவர்கள் இழுத்து எடுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை கயிறு இறங்கியபோது அதைப் பிடிக்கக் கை இல்லை.

இரண்டு பேர் இறங்கப் போனார்கள். டமாசோ அந்த இருவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். "இன்னொருத்தன் போனா இன்னொரு பொணம்டா!" என்றார். யாரோ ஒருவன், தாழியை உடைக்கலாம், ஆனால் முதலாளியை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றான். டமாசோ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சம்மட்டியை எடுத்து முதல் அடியைத் தானே அடித்தார். லூசேனா ஊர்க் குயவர்கள் சுட்ட பழைய தாழி. நான்கு விரல் கனம். சுலபத்தில் விடவில்லை.

ஃபுவென்சாந்தா உள்ளே நுழைந்தபோது இடுப்பளவு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. வண்டல் தண்ணீரோடு அசிஸ்க்லோ வெளியே சரிந்தான், தூக்கத்தில் கட்டிலிலிருந்து உருளுகிறவன் போல. அவள் அவன் முகத்தைத் துடைத்தாள். மூக்கில், காதில், புருவத்தில் ஒட்டியிருந்த வண்டலை எல்லாம் பாவாடை நுனியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "தண்ணி கொண்டு வாங்கடா" என்று கேட்டாள். யாரோ கொண்டுவந்தார்கள். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

களத்தில் இருந்த பெண்கள் அழுதுகொண்டே பாய்களைக் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டார்களாம். மூன்று பாய்தான் நனைந்தது என்று டமாசோ பிறகு ஒரு நாள் அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சவப்பெட்டியைத் தச்சன் தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. ஊரே கூட நடந்தது. எட்டுப் பேர் தூக்கினார்கள். சொலானோ நிற்க முடியாமல் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபுவென்சாந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் கல்லறை வரை போனாள். எல்லோரும் பார்த்தார்கள். நல்ல அக்கா என்று சொன்னார்கள்.

ஒன்பது நாள் ஜெபம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கடைசிப் பெண்ணும் கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போன பிறகு, அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மெழுகுவர்த்தி விட்டுப் பார்த்தியா?"

சொலானோ ஒரு நாற்காலியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இல்லக்கா."

"ஏன்?"

"மச்சான் சொன்னாரு. 'மேஸ்திரிகிட்டப் போய் மெழுகுவர்த்தி வாங்கிட்டு வா'ன்னாரு. மேஸ்திரி வாசல் கேட்டுல வண்டிகளைப் பார்த்துகிட்டு இருந்தாரு. அவ்வளவு தூரம் போகணுமேன்னு... காலையில அதுக்குப் பக்கத்துத் தாழியைக் கழுவினேன், ஒண்ணும் ஆகல. அதனால மச்சான் அந்தப் பக்கம் திரும்பினப்ப..."

அவள் கடைசி நாற்காலியை அடுக்கினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு நின்றது. சண்டையில்லை, சாபமில்லை. காலையில் ரொட்டியும் எண்ணெயும் மேஜையில் இருக்கும். துணி துவைத்து மடித்திருக்கும். அவன் வந்தால் அவள் அடுத்த அறைக்குப் போவாள். அவன் "அக்கா" என்று கூப்பிட்டால் வாசலில் யாரோ வந்திருப்பதுபோல வெளியே பார்ப்பாள். ஆலிவ் பறிக்கிற காலம் வந்தது. ஒரே தோட்டத்தில் இருவரும் வேலை செய்தார்கள், அவன் ஒரு மரத்தில் கோலால் தட்டினால் அவள் நான்கு மரம் தள்ளிப் பொறுக்கினாள்.

அவனால் ஆலைக்குத் திரும்ப முடியவில்லை. ஒருமுறை வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். கை நடுக்கம் நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்பது மறந்துபோகும். அராசெலியிடம் போய், "என்னை நம்பி இருக்காதே" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அராசெலி சும்மா இருக்கிற பெண் இல்லை. மறுநாள் ஃபுவென்சாந்தா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, அவன் வாய் தெறக்கறதில்ல. நீயும் தெறக்கறதில்ல. இந்த வீட்டுல பேசறது அந்தக் கோழி ஒண்ணுதான். இது வீடா, கல்லறையா?"

ஃபுவென்சாந்தா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் தப்புப் பண்ணிட்டான். யாரு இல்லேங்கறா? திட்டு. செருப்பால அடி. பேசாம மட்டும் இருக்காதே. நீ அவனைக் கொல்றே அண்ணி. கொஞ்சம் கொஞ்சமா கொல்றே."

"உன் வேலையைப் பார்த்துகிட்டுப் போடி."

"என் வேலையே அவன்தானே, எங்க போகச் சொல்றே?" என்று அராசெலி அழுதுவிட்டாள்.

அவள் போன பிறகு ஃபுவென்சாந்தா பொறுக்கின கல்லையும் பருப்பையும் மறுபடி ஒன்றாகக் கொட்டி மறுபடி பொறுக்கினாள். மெழுகுவர்த்தியை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். இருபத்து மூன்று வயதுப் பையன், நடக்க அலுத்துக்கொண்டான், அவ்வளவுதானே. அவளால் தாங்க முடியாதது வேறு. சட்டுனு இறங்கிக் கழுவச் சொல்லு என்று சொல்லி அனுப்பியது யார்? மழை காத்துகிட்டு நிக்காது என்றது யார்? அது பெர்னாபேவுக்குத் தெரியும். சொலானோவுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவான், "நீதானேக்கா அவசரப்படுத்தினே" என்று இதோ கேட்டுவிடுவான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டுவிட்டால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்கவே இல்லை. குளிர்காலம் முழுக்கக் கேட்கவில்லை.

அது போதாதென்று இன்னொன்று. புருஷன் உள்ளே கிடக்கும்போது வாசலில் நின்று கும்பிட்டாளே. அந்தக் கும்பிடு எப்படிப்பட்ட சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மே மாதத்தில் ஒரு நாள் சொலானோ ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தான். "ஜெர்மனியில வேலை. இரும்புப் பட்டறையாம். ஒப்பந்தம் வந்திடுச்சு. இருபதாம் தேதி ரயிலு."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. "அங்க குளிருமே."

"குளிரும்தான்" என்றான் அவன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். அசிஸ்க்லோவின் கம்பளி மேல்சட்டையைப் பிரித்து அவன் அளவுக்குச் சுருக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். பாதிக்குப் பாதி துணி மிஞ்சியது. அவன் எதிரே உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொல்லி அனுப்பினதைப் பெர்னாபே உன்கிட்டச் சொன்னானா?"

கயிறு கட்டுகிற கை நின்றது. "என்ன சொல்லி அனுப்பினே?"

"சட்டுனு இறங்கிக் கழுவச் சொல்லி."

"இல்லையே. பெர்னாபே எதுவும் சொல்லலக்கா. சுமையை இறக்கிட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அவன் முகம் கயிற்றுமேலேயே இருந்தது. பொய் சொன்னால் சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் காது சிவக்கும். இப்போதும் சிவந்திருந்தது.

"ஜெனரலம்மா உத்தரவுன்னியாமே. சல்யூட் அடிச்சியாமே."

அவன் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

"எட்டு மாசமா என்னைக் காப்பாத்தறியாடா நீ? ஒரு வார்த்தை பேசாம நாய்க்கு வைக்கிற மாதிரி உனக்குச் சோறு வச்சேனே. அப்பவும் வாயில வரலையா உனக்கு?"

"என்னத்துக்குக்கா? உனக்கு இருக்கறது போதாதா?"

அவள் மேல்சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சாவு அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவன் எழுந்து வந்து தரையில், அவள் முழங்காலருகே, அம்மை கண்ட வயசில் உட்காருவதுபோல உட்கார்ந்தான்.

"உன்னை மூச்சோட பார்த்ததும் கும்பிட்டேன்டா" என்றாள் துணிக்குள்ளிருந்தே. "அவன் உள்ள கெடக்கான். நான் வாசல்ல நின்னு கோடிப் புண்ணியம்னு கும்பிடறேன்."

"உனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா கும்பிட்டிருக்க மாட்டேனா? அதுதானே எனக்குத் தெரியல."

அவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்தபடியே சொன்னான், "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. இடுப்புல மச்சான் கை இருந்தது மட்டும் தெரியும். மேல தள்ளுச்சு. சின்ன வயசுல மரத்துல ஏத்தி விடுவாரே, அதே மாதிரி."

"போகாதேடா. காகிதத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்."

"எப்படி இருக்கறது? ஆகஸ்ட் வரும். செப்டம்பர் வரும். தெருத்தெருவா அந்த வாசனைதான். வீட்டுக் கதவைச் சாத்தினாலும் வரும்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "பெத்ரோ அங்கேருந்துதான் வந்தானாம். நான் அவன் ஊருக்குப் போறேன். அங்க யாரும் அவனைக் காயப்போடறதில்லையாம், விசாரிச்சுட்டேன்."

மறுநாள் ரயிலடியில் அவனைப் போல இன்னும் பதினாலு பேர் கயிறு கட்டின பெட்டிகளோடு நின்றார்கள். தாய்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே புத்திமதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அராசெலி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள், கிட்ட வரவில்லை. ஃபுவென்சாந்தா ரொட்டியும் உப்பு மீனும் அத்திப்பழமும் கட்டிக் கொடுத்தாள். அசிஸ்க்லோவின் மேல்சட்டையை அந்த மே மாத வெயிலிலும் அவன் போட்டுக்கொண்டிருந்தான். கோர்தோபா வண்டி வந்தது, மூன்று நிமிஷம் நின்றது, போனது. எட்டு மாதம் பேசாமல் கழித்தவளுக்குப் பேச ஒரு மத்தியானம்தான் கிடைத்தது. அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். சமைத்தபோது பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்தாள், ஒன்றை எடுத்து வைத்தாள்.

முதல் கடிதம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வந்தது. ஃபுவென்சாந்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பாதிரியாரிடம் போகலாம், தபால்காரரிடம் போகலாம். அவள் அராசெலி வீட்டுக்குப் போய் உறையை அவள் மடியில் வைத்தாள். அராசெலி கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள்.

ஒரே அறையில் ஆறு பேராம். ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கிதான் தெரியுமாம். உருளைக்கிழங்கு நிறையப் போடுகிறார்களாம், எண்ணெய்தான் கண்ணில் காட்டுவதில்லையாம். கை நடுக்கம் கொஞ்சம் தேவலையாம். பட்டறையில் இரும்பு வாசனை, வேறு வாசனை எதுவும் இல்லை, அது நல்லதுதானாம். மச்சானின் கல்லறைக்கு இந்த மாதம் யார் போனீர்கள், புல் முளைத்திருந்தால் பிடுங்கவும்.

அப்புறம் அராசெலி நிறுத்தினாள். கண் மட்டும் வரிகளின்மேல் போய்க்கொண்டிருந்தது.

"என்னடி?"

"இது எனக்கு எழுதியிருக்கான்." காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்றான். நல்ல மனசோட சொல்றானாம்."

"பார்த்துக்கோ" என்றாள் ஃபுவென்சாந்தா. "உனக்கு வயசு இருக்கு. எங்களோட சேர்ந்து நீ எதுக்கு."

"பார்க்கலாம்" என்றாள் அராசெலி. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "கடைசியா ஒண்ணு கேட்டிருக்கான். இந்த வருஷம் களத்துக்குப் போறியான்னு" என்றாள்.

நேற்றுத்தான் டமாசோ வந்துவிட்டுப் போனார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பழம் நன்றாக வந்திருக்கிறது, திங்கட்கிழமை பாய் விரிக்கிறோம், உனக்கு மனசிருந்தால் வா, இல்லையென்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றார். வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வேறு என்ன வேலை தெரியும் அவளுக்கு?

"எழுதறியா?" என்று கேட்டாள். அராசெலி உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தாள்.

"போறேன்னு எழுது. பழம் நல்லா வந்திருக்குன்னு எழுது. வேண்டாம், அதை அடிச்சுடு. கல்லறைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன், புல்லு இல்லன்னு எழுது. மேல்சட்டையைத் துவைக்காம போட்டுக்கப் போறான், துவைக்கச் சொல்லு, ஆனா வெந்நீர்ல வேண்டாம், சுருங்கிடும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

ஃபுவென்சாந்தா யோசித்தாள். தெருவில் யாரோ கூடைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், கழுதையின் மணி கிலுகிலுத்தது.

"நல்லா இருக்கேன்னு எழுது."

அராசெலி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். "நல்லா இருக்கியா அண்ணி?"

"நீ எழுது" என்றாள் ஃபுவென்சாந்தா.